நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு மாத்திரை?

யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையை வீடு வீடாகக் கொடுக்கும் பணியில் புதிதாகத் தன்னார்வலராகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “கொசு கடித்துத்தான் யானைக்கால் வருகிறது என்று கேட்ட எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். சுவரொட்டி ஒட்டியாயிற்று, ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று. மாத்திரையையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் போடுவதில்லை. இதற்கு மேல் எப்படி விழிப்புணர்வு ஏற்படுத்துவது?” விழிப்புணர்வு இருக்கிறது என்று முதல் வரியிலேயே அவர் சொல்லிவிட்டார். ஆகவே அவர் உண்மையில் கேட்பது வேறொன்று. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரை, முன்பின் தெரியாத ஆள் நீட்டும் மாத்திரைகளை, நின்ற இடத்திலேயே விழுங்க வைப்பது எப்படி? இப்படிக் கேட்டுப் பார்த்தால், தயங்குகிறவர் மேல் நமக்கு வரும் எரிச்சல் பாதி குறைந்துவிடும். அவர் இடத்தில் இருந்தால் நானும் தயங்குவேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. சுகாதாரக் கல்விப் பணியில் பல வருடம் இருந்தவன்; மலேரியாவுக்காகவும் யானைக்காலுக்காகவும் ஏறி இறங்கிய வாசற்படிகள் அதிகம். யாருக்கு எந்த மருந்து, எத்தனை மாத்திரை என்பதில் உங்கள் பகுதி மருத்துவ அலுவலர் சொல்வதுதான் முடிவு. நான் சொல்லப்போவதெல்லாம் வாசலில் நடக்கும் பேச்சைப் பற்றி மட்டும்.

அந்தப் பேச்சு சரியாக வர வேண்டுமானால் நோயின் போக்கு நம் மனதில் தெளிவாக இருக்க வேண்டும். யானைக்காலை உண்டாக்குவது நூல் போன்ற புழு. மூன்று இனங்கள் உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு வருவது உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற இனத்தால். வளர்ந்த புழு நிணநீர் நாளங்களில் குடியிருக்கும். ஆறிலிருந்து எட்டு வருடம்வரை உயிரோடு இருந்து, லட்சக்கணக்கில் குட்டிகளை ஈன்று ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த நுண்புழுக்களைக் கொசு உறிஞ்சிக்கொண்டு போய், அவை கொசுவுக்குள் வளர்ந்த பிறகு இன்னொருவரிடம் சேர்க்கும். இத்தனையும் நடக்கும்போது புழுவைச் சுமக்கிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சிறு வயதில் உள்ளே போன புழுவின் விளைவாக, ஆள் வளர்ந்து பல வருடம் கழித்துக் கால் வீங்கும். ஆணாக இருந்தால் விரைவீக்கமாகவும், அதாவது விதைப்பை வீக்கமாகவும், வரும். ஆக, “நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் அது முழு உண்மை.

இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரை முக்கியமாகக் கொல்வது ரத்தத்தில் திரியும் நுண்புழுக்களை. வளர்ந்த புழுவில் ஒரு பகுதி தப்பித்துவிடும். கொஞ்ச மாதத்தில் மறுபடி குட்டி போடத் தொடங்கும். அதனால்தான் வருடா வருடம் கொடுக்கிறோம். கிழப்புழு சாகும்வரை அதன் குட்டிகள் கொசுவுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறோம். அப்படியானால் நான் இன்று விழுங்கும் மாத்திரையின் பலன் எனக்குக் கொஞ்சம், எதிர்வீட்டுக் குழந்தைக்கு நிறைய. இதை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை. “உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்” என்றுதான் எல்லாம் சொல்கின்றன. வாசலில் நின்று, “உங்களுக்காக மட்டும் இல்லைங்க, இந்தத் தெருப் பிள்ளைகளுக்காகவும்தான்” என்று சொன்னபோது முகம் மாறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரிடமும் இது எடுபடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மை இதுதான் என்பதால் சொல்வதில் தவறே இல்லை.

இப்போது அந்தச் சுவரொட்டிக்கு வருவோம். பெரிதாக வீங்கி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் ஒரு கால். கீழே சிவப்பில் எச்சரிக்கை. இந்தப் படத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. அதைப் பார்ப்பவர் முதலில் தன் காலைத்தான் குனிந்து பார்க்கிறார். கால் சாதாரணமாக இருக்கிறது. சரி, இது எனக்கில்லை என்று நகர்ந்துவிடுகிறார். நாம் யாரை எட்ட நினைத்தோமோ அவரைப் படமே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஏற்கெனவே கால் வீங்கியவரோ, மாத்திரை போட்டால் வீக்கம் வடியும் என்று நம்பி வாங்கிப் போடுகிறார். வடியாது. அடுத்த வருடம் “இது வேலை செய்யாத மாத்திரை” என்று தெரு முழுக்கச் சொல்லப்போவது அவர்தான், அதுவும் தன் காலையே சாட்சியாக வைத்து. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வீட்டில் நாங்கள் சுவரொட்டியோடு நுழைந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் சட்டென்று பக்கத்தில் கிடந்த துணியை இழுத்துத் தன் காலை மூடிக்கொண்டார். அவர் கால் வீட்டுக்குள் ஒளிந்திருக்க, அதே மாதிரிக் காலை ஆளுயரத்துக்கு அச்சடித்து அவர் வீட்டுச் சுவரில் ஒட்ட நாங்கள் பசை கலக்கிக்கொண்டிருந்தோம்.

பயம் காட்டுவது எப்போதுமே வீண் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பயத்தோடு கூடவே, இப்போதே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றைக் கையில் கொடுத்தால் பயம் வேலை செய்கிறது என்பதை இதை ஆராய்ந்தவர்கள் ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். வேலை எதுவும் இல்லாமல் பயம் மட்டும் காட்டினால் மனிதர் கண்ணைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

வாசலில் நான் பயன்படுத்திய ஒரு செய்தி மட்டும் எங்கேயும் தோற்றதில்லை. பயம் அதில் துளியும் கிடையாது, ஆச்சரியம்தான் இருந்தது. இந்த நுண்புழுக்கள் பெரும்பாலான இடங்களில் பகலில் மேல் ரத்தத்துக்கு வருவதில்லை. பகலெல்லாம் நுரையீரலின் சின்னஞ்சிறு ரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை கூட்டமாக வெளியே வரும். அந்த இடத்துக் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் கொசு இதைப் பரப்புகிறது. அங்கே புழுவும் பகலில் வருகிறது. இதைக் கேட்டதும், அதுவரை கதவுக்குப் பின்னால் பாதி உடம்போடு நின்றவர் முழுசாக வெளியே வந்து, “அதுக்கு மணி எப்படித் தெரியும்?” என்று கேட்பார். கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார் என்றால் அப்புறம் மாத்திரை வெகு தூரத்தில் இல்லை. புழு இருக்கிறதா என்று சோதிக்க ராத்திரி ரத்தம் எடுக்க வருகிறவர்களைத் திருடன் என்றும், ரத்தம் விற்கிறவர்கள் என்றும் துரத்திய தெருக்கள் உண்டு. ஏன் ராத்திரியில் வருகிறோம் என்று பகலிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்த இடங்களில் அந்தப் பிரச்சினை எங்களுக்கு வரவில்லை. இப்போது எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய விரல்குத்துப் பரிசோதனைப் பட்டைகள் வந்துவிட்டதால் இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது.

பக்கவிளைவைத்தான் நாம் எல்லோரும் சொதப்புகிறோம். நான் சொதப்பிய கதையே இருக்கிறது. ஒரு வருடம், பக்கவிளைவைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள், சொன்னால் யாரும் போட மாட்டார்கள் என்று மேலே இருந்து எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாங்களும் “ஒண்ணும் ஆகாதுங்க” என்று சொல்லிக்கொண்டே கொடுத்தோம். மறுநாள் காலை ஒரு தெருவில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், ஒருவருக்குக் காய்ச்சல். பதினோரு மணிக்குள் அந்தத் தெருவில் இருந்த மாத்திரைகள் எல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டன. பக்கத்துத் தெருக்களில் நாங்கள் போகும் முன்பே கதவு சாத்தப்பட்டது. வாந்தி அன்று மாலையே நின்றுவிட்டது. ஆனால் “ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னீங்க?” என்ற கேள்வி அடுத்த மூன்று வருடம் எங்களைத் துரத்தியது. அதற்குப் பதில் கிடையாது. நாங்கள் பொய்தான் சொல்லியிருந்தோம்.

அடுத்த வருடத்திலிருந்து வரிசையை மாற்றினேன். மாத்திரையை எடுக்கும் முன்பே பக்கவிளைவைச் சொல்லிவிடுவேன். காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, தலைசுற்றல், குமட்டல் வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். யாருக்கு வரும்? ரத்தத்தில் நுண்புழு இருப்பவருக்குத்தான் அதிகம் வரும். செத்துக் கரையும் புழுக்களுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. இந்த ஒரு வாக்கியம் நிலைமையைத் தலைகீழாக மாற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தவர், “அப்போ எனக்குள்ள இருந்திருக்கு!” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் தன் மாத்திரையைத் தேடுகிறார். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. “பக்கவிளைவு வந்தால் நல்லது” என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வாமையும் வரலாம், வெறும் வயிற்றில் போட்டதால் குமட்டலாம், மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லாத வேறு நோயாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வது நம் வேலை இல்லை. ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, கூப்பிட்டால் ஆள் வருகிறதா என்பதை முந்தின நாளே சோதித்துப் பார்த்து வைப்பதுதான் நம் வேலை. எடுக்கப்படாத எண்ணைத் துண்டறிக்கையில் அச்சடிப்பதற்குப் பதில் அச்சடிக்காமலே இருக்கலாம்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்கள். “உங்க மருமகளுக்கு வேண்டாங்க, அவங்க மாசமா இருக்காங்க” என்று நாமே மறுக்கும்போதுதான், இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கணக்குக்காகக் கொடுக்கவில்லை என்று அந்த வீட்டுக்குப் புரிகிறது. மருந்தின் கூட்டணியும் இடத்துக்கு இடம் மாறும். டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்), அல்பெண்டசோல் என்ற இரண்டு புழு மருந்துகளும் சேர்ந்தது ஒன்று. அதோடு ஐவர்மெக்டினும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டணியை உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது. ஆற்றுக்குருடு என்ற இன்னொரு புழு நோய் இருக்கும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் டி.இ.சி. கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் அங்கே அது கிடையாது. ஆகவே வேறு நாட்டுத் துண்டறிக்கையை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சடிக்கும் பழக்கம் ஆபத்தானது.

வாங்குகிறார்கள், போடுவதில்லை என்பதற்கு வருகிறேன். நோய் பரவுவது நிற்க வேண்டுமானால் மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம் பேர் உண்மையாகவே விழுங்க வேண்டும். இரண்டு மருந்துக் கூட்டணி என்றால் குறைந்தது ஐந்து வருடம் தொடர வேண்டும். பதிவேட்டில் நாம் எழுதுவது கொடுத்த கணக்கு. விழுங்கிய கணக்கு வேறு. “வச்சிட்டுப் போங்க, சாப்பிட்டுட்டுப் போட்டுக்கறேன்” என்று சொல்கிற வீட்டில் அடுத்த வருடம் போனால், போன வருடத்து மாத்திரை அலமாரியில் பழைய சாவிகளுக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவே உறை பிரிக்காமல் கிடக்கும். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் மறுக்கவில்லை. சாப்பிடாமல் போடக் கூடாது என்று நாம் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார். காலை பத்து மணிக்குப் போய் நின்றால் வேறு என்ன சொல்வார்? இதைத் தீர்க்கப் பேச்சுத் திறமை தேவையில்லை, கடிகாரம் போதும். இரவுச் சாப்பாடு முடியும் நேரத்துக்குப் போங்கள். குடிக்கத் தண்ணீரும் டம்ளரும் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீர் எடுக்க உள்ளே போனவர் திரும்பி வராத கதைகள் எனக்கு எக்கச்சக்கம். மூன்று மருந்துக் கூட்டணியில் பெரியவர் ஒருவர் ஒரே நேரத்தில் ஏழெட்டு மாத்திரைகூட விழுங்க வேண்டியிருக்கும். அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டியதும் ஆள் மிரண்டுபோவார். எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ப எண்ணிக்கை வருகிறது என்று கொட்டுவதற்கு முன் சொல்லுங்கள். கொட்டிய பிறகு சொன்னால் சமாதானம் சொல்வது போல இருக்கும்.

இதில் உண்மையான ஓட்டை, ஒவ்வொரு வருடமும் அதே ஆட்கள் விடுபடுவது. இந்த வருடம் நான், அடுத்த வருடம் நீங்கள் என்று மாறி மாறி விடுபட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஒருமுறைகூடப் போடாதவர்கள் ஒரு கூட்டமாகவே இருந்தால், புழு அவர்களிடம் பத்திரமாகத் தங்கிவிடும். என் அனுபவத்தில் அவர்கள் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பின் திரும்பும் இளைஞர்கள், ஊர்விட்டு ஊர் வேலைக்கு வந்தவர்கள், அப்புறம் “இதெல்லாம் ஏழைகளுக்கு வர்ற வியாதி” என்று நினைக்கிற வசதியான வீட்டுக்காரர்கள். மூன்றாவது வகையினரிடம் நான் படும் பாடு தனி. படித்தவர்கள் என்பதால் துண்டறிக்கை போதும் என்று விட்டுவிடுகிறோம். அதை அவர்கள் படிப்பதே இல்லை.

“கொசுவை ஒழிப்போம்” சுவரொட்டியைப் பற்றியும் கேள்வி கேட்ட அந்தத் தன்னார்வலர் சொல்லியிருந்தார். பூந்தொட்டித் தட்டில் நல்ல தண்ணீர் தேங்கியிருப்பது போன்ற படம் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் எல்லாச் சுவரொட்டியிலும் அதே படம்தான். அது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கான செய்தி. நகரங்களில் யானைக்காலைப் பரப்புவது பெரும்பாலும் க்யூலெக்ஸ்; அதற்குச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, நாறும் தேக்கம்தான் பிடிக்கும். யானைக்காலை உண்டாக்கும் இன்னொரு புழுவான புருகியாவைப் பரப்புவது மான்சோனியா கொசு; அந்தக் கொசுவின் லார்வாக்கள் குளத்து நீர்த்தாவரங்களின் வேரைப் பற்றிக்கொண்டு அதிலிருந்து காற்றை எடுக்கும். அங்கே செடியை அகற்றுவதுதான் வேலை. ஆப்பிரிக்கக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸே இதையும் பரப்புகிறது, அதனால் ஒரே கொசுவலை இரண்டுக்கும் உதவுகிறது. உங்கள் பகுதியில் எந்தக் கொசு என்று பூச்சியியல் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு படம் போடுங்கள். கொசு ஒழிப்பை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. உடம்புக்குள் இருக்கும் புழு ஆறிலிருந்து எட்டு வருடம் வாழும் என்பதால், அத்தனை வருடமும் ஒரு நாள் விடாமல் கொசுவை அடக்கி வைத்திருக்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு மிகைப்படுத்தலையும் விட்டுவிடச் சொல்வேன். “ஒரே ஒரு கொசுக்கடி போதும், வாழ்க்கையே போச்சு” என்று ஒரு மேடையில் ஒருவர் பேசக் கேட்டிருக்கிறேன். தவறு. யானைக்காலுக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடி வாங்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தினமும் நூறு கடி வாங்குகிறவர்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். பேசியவர் சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து போய்விட்டன.

கெட்ட தண்ணீரால் வருகிறது, பரம்பரையாக வருகிறது என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். நுண்புழுக்கள் கொசுவுக்குள் வளர்கின்றன என்று 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் கண்டுபிடித்தவர் பாட்ரிக் மேன்சன். அவரே, கொசு தண்ணீரில் விழுந்து செத்துப்போகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். 1900இல் கொசுவின் ஊசிமூக்கிலேயே புழு இருப்பதை ஜார்ஜ் லோ காட்டிய பிறகுதான் கடியால் பரவுகிறது என்பது உறுதிப்பட்டது. கண்டுபிடித்தவருக்கே இருபது வருடத்துக்கு மேல் ஆன விஷயத்தை, வாசலில் அரை நிமிடத்தில் ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். “தண்ணியால வருதுன்னு அந்தக் கொசுவைக் கண்டுபிடிச்ச டாக்டரே நினைச்சாருங்க” என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் மானம் காப்பாற்றப்படுகிறது, பேச்சும் நகர்கிறது.

வதந்திகள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும்: மலட்டுத்தன்மைக்கான மாத்திரை, காலாவதியான மாத்திரை, நம் மேல் சோதனை நடத்துகிறார்கள். மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே சந்தேகம், கேட்காமலேயே இலவசமாக எதற்குக் கொடுக்கிறார்கள் என்பது. நியாயமான சந்தேகம். வாட்ஸ்அப் குழுவில் அதற்கு மறுப்புப் போட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; மறுப்பைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அன்றுதான் வதந்தியையே கேள்விப்படுகிறார்கள். அட்டையைப் பிரிக்காமல் அவர் கையிலேயே கொடுத்து, தேதியை அவரையே படிக்கச் சொல்லுங்கள். கொடுக்கிறவர் முதலில் தான் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. ஒரு நாளில் முப்பது வீட்டிலும் நீங்கள் போட்டுக் காட்ட முடியாது. அப்புறம் உங்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். முதல் நாள், தெரு கூடும் இடத்தில், மருத்துவரும் தெருவில் மதிக்கப்படும் ஒருவரும் நீங்களும் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் போதும்.

கால் வீங்கியவர்களைத் தடுப்புப் பேச்சிலிருந்து ஒதுக்கி வைக்காதீர்கள். மாத்திரையோடு வந்து, வீங்கிய காலைத் தாண்டிக்கொண்டு போகிற குழுவை அக்கம்பக்கம் கவனிக்கிறது. நாங்கள் ஒரு சின்ன வேலை செய்தோம். வீட்டுக்காரர் சம்மதித்தால், ஒரு அகலமான பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர், குளியல் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. காலை நனைத்து, சோப்பை முதலில் கையில் நுரைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துக் கழுவி, நுரை போகும்வரை அலசி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைப்பது. விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. திடீர் திடீரென்று குளிர்க்காய்ச்சலோடு கால் சிவந்து வலிப்பது பெரும்பாலும் தோல் வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாவால். தினமும் இப்படிக் கழுவி உலர வைத்தால் அந்தத் தாக்குதல்கள் குறையும். உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதும், கணுக்காலை அசைத்துக்கொண்டிருப்பதும், செருப்பு போடுவதும் உதவும். கழுவி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் வேடிக்கை பார்க்க நாலு பேர் சேர்ந்திருப்பார்கள். அன்று துணியை இழுத்து மூடிக்கொண்ட அந்த அம்மா இரண்டு வருடம் கழித்து எங்களோடு நான்கு வீடுகளுக்கு வந்தார். “எனக்குச் சின்ன வயசுல யாரும் குடுக்கல, நீ போட்டுக்கோ” என்று அவர் சொன்ன ஒரு வரிக்கு முன் எங்கள் ஒலிபெருக்கி ஒன்றுமே இல்லை. விரைவீக்கத்தை மட்டும் இப்படிக் கூட்டத்தில் பேச முடியாது. அதை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம் என்ற செய்தியை ஆண் பணியாளர் ஒருவர் ஆண்களிடம் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

“எத்தனை வருஷமா இதையே கொடுக்கறீங்க, எப்பதான் முடியும்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது, சொல்லத்தான் மறக்கிறோம். இதற்கு முடிவு உண்டு. போதுமான சுற்றுகள் ஆன பிறகு ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பார்கள்; அவர்களிடம் தொற்று ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் மாத்திரை நிறுத்தப்படும். உலக அளவிலான ஒழிப்புத் திட்டம் 2000இல் தொடங்கியபோது சுமார் 12 கோடிப் பேருக்குத் தொற்று இருந்தது. 2018க்கான மதிப்பீடு சுமார் 5 கோடி. சீனா 2007இலும், தென் கொரியா 2008இலும், இலங்கையும் மாலத்தீவும் 2016இலும், டோகோ 2017இலும், பிரேசில் 2024இலும் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக ஏற்கப்பட்டன. சீனா மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்த வழியையும் பயன்படுத்தியது. வாசலில் நின்று கெஞ்சும் வேலை மிச்சம் என்று பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா உப்பும் ஒரே கையில் இருந்து வரும் இடத்தில்தான் அது சாத்தியம்.

துண்டறிக்கை மறுபடி அச்சாகப்போகிறது என்றால், நான் எழுதுவது இவ்வளவுதான்: “கால் வீங்காதவர்களுக்கும் இந்த மாத்திரை. புழு உடம்பில் இருந்தாலும் பல வருடம் வெளியே தெரியாது. போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், தலைவலி, குமட்டல் வரலாம். இந்த எண்ணைக் கூப்பிட்டால் வருவோம். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வேண்டாம். இன்று இரவு 8 மணிக்கு வருகிறோம், சாப்பிட்டுவிட்டு இருங்கள்.” கொசுப் படம் வேண்டாம், கால் படம் வேண்டாம். மறுநாள் காலை, கூப்பிடாவிட்டாலும், ஒரு சுற்று போய் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு நேரமில்லை என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். அந்த ஒரு காலையை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் எனக்கு மூன்று வருடம் போயிற்று.

மறுத்தவர் வீட்டுக்கு எத்தனை முறை போவது என்றும் அந்தத் தன்னார்வலர் கடைசியில் கேட்டிருந்தார். நான் மூன்று முறை போவேன். மூன்றாவது முறை மாத்திரைப் பெட்டி இல்லாமல் போவேன், காரணம் கேட்க மட்டும். அப்படி ஒருமுறை, நான்கு வருடமாகக் கதவைத் திறந்த உடனேயே “வேண்டாம்” என்று சொல்லிவந்த பெரியவர் ஒருவர், வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். உள்ளே போய் ரத்தக்கொதிப்பு மாத்திரைச் சீட்டை எடுத்துவந்து காட்டினார். இதோடு அதையும் சேர்த்துப் போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டினேன். போடலாம் என்றார். அன்று இரவே போய்ச் சொன்னேன். சாப்பிட்டு முடித்துத் தயாராகத்தான் இருந்தார்.